தபலா நின்ற பிறகு

தங்கதுரையின் கால் நீல வயரில் சிக்கிக்கொள்ள, தூக்கிய உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கால்மாட்டில் பிடித்திருந்த பக்கத்து வீட்டு சேவியர் சேட்டன் "பதுக்கெ, பதுக்கெ" என்று மலையாளத்தில் மெதுவாகப் போகச் சொல்லி முட்டுக்கொடுத்தார். அண்ணன் நல்லசிவத்தின் தலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, கீழே குனியவும் முடியாமல் காலை விடுவிக்கவும் முடியாமல் தங்கதுரை ஒற்றைக்காலில் நின்ற நிற்பைப் பார்த்து, வேறொரு நாளாக இருந்தால் முதலில் சிரித்திருப்பவர் அந்த அண்ணன்தான்.

"சனியன் பிடிச்ச வயரு. மதினி, ஒரு கத்திரி எடுங்க. அறுத்து விட்டுருவோம்."

"அதுல யாரும் கை வைக்கக் கூடாது" என்றாள் வசந்தி.

நேற்றுச் சாயங்காலத்திலிருந்து அவள் வாயைத் திறந்து சொன்ன முதல் வார்த்தை அதுதான். புருஷன் போய்ப் பதினெட்டு மணி நேரமாக அழவும் இல்லை, பேசவும் இல்லை. இப்போது ஒரு வயருக்காகப் பேசுகிறாளே என்று, சங்கரன்கோவிலிலிருந்து விடியற்காலையில் வந்து இறங்கிய பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். மகள் மகாதான் குனிந்து சித்தப்பாவின் கட்டைவிரலிலிருந்து வயரைக் கழற்றிச் சுவரோரமாகத் தள்ளினாள். நல்லசிவம் வாசலைத் தாண்டினார்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த வயரை இந்த வீட்டில் வசந்தி திட்டிய அளவுக்கு யாரும் திட்டியதில்லை. முன்கூடத்து ஜன்னலில் இன்டர்நெட் பெட்டி. அங்கிருந்து கூடத்துக்குக் குறுக்கே ஓடி, அடுக்களை வாசற்படியை ஏறி இறங்கி, பின்னறைக் கதவுக்கு அடியில் நுழைந்து போகும். இட்லிக் கொப்பரையோடு ஒருதரம் அதில் தடுக்கி விழப் பார்த்தாள். சுவரோரமாகக் கொண்டுபோனால் என்ன என்று கேட்டதற்கு, நீளம் பத்தாது என்றார். நீளமாக ஒன்று வாங்கினால் என்ன என்றதற்கு, வாங்கலாம் என்றார். இரண்டு வருஷம் வாங்கிக்கொண்டே இருந்தார்.

நல்லசிவம் பஜார் ரோட்டில் ஒரு சுக்குக் கிடங்கில் முப்பது வருஷம் எடை போட்டவர். பகலில் தராசு, பொழுது சாய்ந்தால் தபலா. மட்டாஞ்சேரியில் எந்த மாடியில் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு நாலு பேர் பாட உட்கார்ந்தாலும் இவருக்கு ஆள் வரும். வசந்திக்கு அதில் ஒரு வருத்தமும் இருந்ததில்லை. சேவியர் சேட்டனும் கூடவே போவார். எங்கே போனார்கள், யார் பாடினார்கள், பிரியாணியில் உப்புச் சரியாக இருந்ததா என்பது வரைக்கும் மறுநாள் சாயா குடிக்க வந்து அவரே ஒப்பித்துவிடுவார். கொரோனா வந்து கூட்டம் கூடுவது நின்றுபோனது. அதற்கப்புறம் மாடிகள் பழையபடி நிறையவே இல்லை. வினை அப்போதுதான் ஆரம்பித்தது.

வினையின் பெயர் ஸாதனா. பாலக்காட்டுக்காரி, பெங்களூரில் இருந்துகொண்டு குறும்படங்களுக்கும் விளம்பரங்களுக்கும் இசை போடுகிறவள். கும்பளங்கியில் ஒரு கச்சேரியில் இவர் வாசித்ததைக் கேட்டாளாம். ஒரு மைக்கையும் ஒரு சின்னப் பெட்டியையும் பார்சலில் அனுப்பி, கம்ப்யூட்டருக்குள் ஓர் இசை அறையைத் திறந்துகொடுத்தாள். அவள் பெங்களூரில் ஆர்மோனியத்தோடு உட்காருவாள். இவர் இங்கே கூவப்பாடத்து வீட்டுப் பின்னறையில் தபலாவோடு உட்காருவார். இங்கே விழுகிற அடி கண் சிமிட்டுகிற நேரத்துக்குள் அங்கே கேட்டாக வேண்டும், இல்லாவிட்டால் தாளம் தப்பிவிடும். காற்றில் வருகிற இன்டர்நெட்டை நம்ப முடியாது, வயரைக் குத்தினால்தான் சரிப்படும் என்று சொல்லித்தான் அந்த நீலப் பாம்பு வீட்டுக்குள் வந்தது.

தினமும் மூன்றரைக்கு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். அடுக்களைச் சத்தம் மைக்கில் விழக்கூடாதாம். போனைச் சத்தமில்லாமல் அமுக்கிக் கூடத்து அலமாரியில் வைத்துவிட்டுத்தான் போவார். ஜன்னல் இல்லாத அறை என்பதால் ஃபேனுக்கு மட்டும் விதிவிலக்கு. அந்த ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டக்' போடும். எண்ணெய் விடச் சொன்னால், ஸாதனாவுக்கு அது பழகிவிட்டது, ஃபேன் நின்றால் தாளம் போட ஆள் இல்லை என்று கேலி பண்ணுகிறாள் என்பார். இப்படி ஃபேனைப் பற்றிக்கூட அவளோடு பேச்சு இருந்தது.

காதில் பெரிய ஹெட்போன். அவள் வாசிப்பதும் பேசுவதும் அவர் காதுக்கு மட்டும். வீட்டுக்குக் கேட்பது பாதிதான், அந்தப் பாதிதான் வசந்தியைத் தின்றது. தபலா ஓடும், நிற்கும். 'ம்' என்பார். சிரிப்பார். 'அது வேண்டாம், முன்னால வாசிச்சதுதான் அழகு' என்பார். இருபத்தாறு வருஷத்தில் வசந்தி வைத்த ஒரு மீன்குழம்பை அழகு என்று சொல்லாத மனுஷர். தபலா ஓடுகிறவரைக்கும் அவளுக்கு நிம்மதி. தபலா நின்றால் அங்கே பேச்சு நடக்கிறது என்று அர்த்தம். எத்தனை நிமிஷம் நின்றது என்று அடுக்களைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் பாத்திரம் தேய்ப்பாள். கதவைத் தட்டிக் கேட்க ரோஷம் விடாது.

எட்டு மாசத்துக்கு முன்னால், கரண்ட் போன ஒரு மத்தியானம், வசந்தியின் போனுக்கே அவள் கூப்பிட்டாள். வசந்தியின் போனில் அடிக்கிற சத்தமும் நல்லசிவம் வாசித்து ஏற்றிக்கொடுத்த தபலாதான். அதை எடுத்துக் காதில் வைத்தால், "அக்கா, நான் ஸாதனா. மாஷைத் திடீர்னு காணலை, அங்கே எல்லாம் சரிதானே?" என்று ஒரு குரல். மாஷ், வாத்தியார். கூப்பிடுவது மட்டும் மரியாதையாகத்தான் கூப்பிடுவாள். 'இங்க எல்லாம் சரியாத்தான் இருக்கு' என்று வைத்துவிட்டு, வசந்தி பின்னறைக் கதவைத் திறந்துகொண்டு போனாள்.

"என் நம்பரை எவ கேட்டாலும் குடுப்பீங்களோ?"

"ஒரு அவசரத்துக்கு இருக்கட்டுமேன்னு குடுத்தேன் வசந்தி."

"என்ன அவசரம் வருதாம் உங்க ரெண்டு பேருக்கும்?"

வசந்தியின் போனில் 'எடுக்கண்டா' என்று மலையாளத்தில் ஒரு பெயர் உண்டு, எடுக்க வேண்டாம் என்று அர்த்தம். இன்சூரன்ஸ்காரன், மனை விற்கிறவன், கிரெடிட் கார்டுக்காரன் என்று உயிரை வாங்குகிற நம்பரையெல்லாம் அந்த ஒரே பெயரில் போட்டு வைத்திருந்தாள். ஸாதனாவின் நம்பரையும் அந்தக் குப்பையில் தள்ளினாள். தள்ளிய பிறகு மனசு கொஞ்சம் ஆறியது, அதைப் பற்றி மறந்தும் போனாள்.

நேற்று வியாழக்கிழமை. ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சாயா ஆறுகிறதே என்று கதவைத் தட்டினாள். தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுச் சேவியர் சேட்டனைக் கூப்பிட்டாள். அவர் தோளால் முட்டித் தாழ்ப்பாளைப் பெயர்த்தார். நல்லசிவம் தபலாக்களுக்கு மேல் கவிழ்ந்து கிடந்தார், ஹெட்போன் காதில் இருந்தது. ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன வயசு டாக்டர் கையைப் பிசைந்துகொண்டு, "ஒரு அரமணிக்கூர் மும்பே கொண்டுவந்நிருந்நெங்கில் நோக்காமாயிருந்நு" என்றார். அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம்.

அந்த அரை மணிதான் வசந்தியின் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துவிட்டது. அவர் விழுந்ததை இந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. ஆனால் மைக் இருந்தது, வயர் இருந்தது, வயரின் அந்தப் பக்கம் ஒருத்தி காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்கும். கேட்டுவிட்டு அவள் என்ன செய்தாள்? இது தெரியாமல் வசந்திக்கு அழுகைகூட வரமாட்டேன் என்றது. வயரை அறுத்தால் அந்தக் கேள்வியும் அறுந்துபோகும் என்று அவளுக்குத் தோன்றியது.

அவள் தேடிப் போகவேண்டிய அவசியம் இல்லாமல் ஸாதனாவே வந்து நின்றாள்.

மகா செய்த வேலை. நேற்று வேலையிலிருந்து ஓடிவந்தவள், பின்னறையில் கழன்று கிடந்த ஹெட்போனிலிருந்து ஒரு குரல் விடாமல் கூப்பிடுவதைக் கேட்டு, அதை எடுத்துக் காதில் வைத்து, அப்பா போய்விட்டார் என்று சொல்லியிருக்கிறாள். முகவரியும் சொல்லியிருக்கிறாள். பஸ் பிடித்து வந்தவள் காலையிலிருந்து கேட்டுக்கு வெளியே, சேவியர் சேட்டனின் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் ஒரு தோள்பையோடு நின்றிருந்தாள். நாற்பத்தைந்து வயசிருக்கும். முன்தலை நரைத்து, கண்ணுக்குக் கீழே கருத்து, கசங்கின ஒரு பருத்திப் புடவை. வசந்தி இரண்டு வருஷமாக மனசுக்குள் வரைந்து வைத்திருந்த ஆள் இவள் இல்லை. அது அவளுக்கு இன்னும் எரிச்சலைத் தந்தது.

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவத் தண்ணீர் மொண்டார்கள். அப்போதுதான் ஸாதனா உள்ளே வந்து, வசந்தியின் முன்னால் வந்து நின்றாள்.

"நேத்து நீ லைன்ல இருந்தியா?" என்று கேட்டாள் வசந்தி.

"இருந்தேன் அக்கா."

"தபலா நின்னது உனக்குக் கேட்டுதா?"

"கேட்டது."

"கேட்டுட்டு என்ன செஞ்ச?"

ஸாதனா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வசந்திக்குப் பின்னால் வாளியோடு நின்ற மகாவைப் பார்த்தாள். வாயெடுத்ததை அப்படியே விழுங்கியது கண்ணுக்குத் தெரிந்தது.

"வாசிச்சுண்டிருந்தேன்" என்றாள்.

தண்ணீர் மொண்டுகொண்டிருந்த ஒரு பெண்ணின் கை நின்றது.

"இங்க மனுசன் சாகக் கிடக்காரு. நீ வாசிச்சுக்கிட்டு இருந்த."

"எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு அக்கா. லைன் அறுந்துபோனா, இருக்கறவா நிறுத்தப்படாது. அதையே திரும்பத் திரும்ப வாசிச்சுண்டு இருக்கணும். போனவா திரும்பி வந்து, தாளத்தோட முதல் அடியில சேந்துப்பா. மாஷ்தான் அப்படி ஒரு ஏற்பாடு வச்சார். லைன்தான் போயிடுத்துன்னு நினைச்சேன்."

"எவ்வளவு நேரம் நினைச்ச?"

"கொஞ்ச நேரம்."

"அதுக்கப்புறம்?"

ஸாதனா தரையைப் பார்த்தாள். கழுவிவிட்ட தண்ணீர் அவள் காலைச் சுற்றிக்கொண்டு போனது.

"அதுக்கப்புறம் ஒண்ணும் இல்லை அக்கா. என் தப்புதான்."

இப்படிச் சட்டென்று தப்பை ஒத்துக்கொள்கிறவர்களை வசந்தி நம்பியதே கிடையாது. சின்னதை ஒத்துக்கொண்டால் பெரியதைக் கேட்க மாட்டார்கள் என்கிற கணக்கு அது. அவள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளப் போனாள். ஈரப் புடவையோடு குளியலறைக் கதவுக்குப் பின்னால் நிற்கும்போது, கொல்லைப்பக்கம் அந்தக் குரல் தணிந்து பேசுவது கேட்டது.

"மகா, அந்தக் கம்ப்யூட்டர்ல எல்லாம் தானா ரெக்கார்ட் ஆகும். நேத்தைக்கு உள்ளதை மட்டும் அழிச்சுடுவியா? நீயும் கேக்க வேண்டாம். அம்மா கேக்கவே வேண்டாம்."

"ஏன் சேச்சி?"

"வேண்டாம் மோளே. நான் கேக்கறேன்னு நினைச்சு அழிச்சுடு."

வசந்தி நனைந்த புடவையைப் பிழிவதை நிறுத்தினாள். ஆக, இருக்கிறது. அழிக்கவேண்டிய அளவுக்கு ஏதோ ஒன்று அதில் இருக்கிறது. புருஷன் போன துக்கத்தைத் தள்ளிக்கொண்டு ஒரு திருப்தி மேலே வந்தது. அப்படி வந்ததற்கு அவளுக்கே அசிங்கமாக இருந்தது, ஆனாலும் வந்தது.

சுடுகாட்டிலிருந்து திரும்பிய ஆண்கள் சாப்பிட்டுவிட்டு, வந்த அலுப்பில் கூடம் முழுக்கப் படுத்துவிட்டார்கள். ஐந்தரைக்கு வைட்டிலாவில் பஸ் என்று ஸாதனா நாலு மணிக்கு முன்னாலேயே கிளம்பினாள். போகும்போது வசந்தியிடம் சொல்லிக்கொள்ள வந்தாள். வசந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆட்டோ தெருமுனை திரும்பியதும் மகாவைக் கையைப் பிடித்து அடுக்களைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"அந்தக் கம்ப்யூட்டரை எடுத்துட்டு வா."

"என்னத்துக்கு அம்மே?"

"அழிச்சிட்டியா?"

மகா விழித்தாள். "இல்ல."

"அழிக்கச் சொன்னாள்லா? அதைப் போடு."

"இன்னைக்கு வேண்டாம்மா. பதினாறு கழியட்டும்."

"ஏட்டி, அவ ஊர் போய்ச் சேருறதுக்கு முன்னால எனக்குத் தெரியணும். கேட்டுட்டுச் சும்மா இருந்தாளான்னு தெரியணும். இல்லன்னா நான் செத்தாலும் என் கட்டை வேகாது."

அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மகா போய் எடுத்துவந்தாள். அடுக்களை மேடையில், அரிவாள்மணைக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்தாள். ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு கோடுகள், புழு நெளிகிற மாதிரி.

"மேல உள்ளது அப்பா. கீழ உள்ளது அவங்க. தனித்தனியாவும் போடலாம், சேத்தும் போடலாம்."

மேல்கோடு ஓர் இடத்தில் சட்டென்று மெலிந்து போயிருந்தது. அதற்குக் கீழே மகா விரலை வைத்தாள். நாலு மணி பன்னிரண்டு நிமிஷம்.

"கொஞ்சம் முன்னால இருந்து போடு. அவளது மட்டும் போடு. உங்கப்பா வாசிச்சது எனக்குத் தெரியும்."

ஆர்மோனியம் கேட்டது. இரண்டு வருஷத்தில் அந்தப் பக்கத்துப் பாதியை வசந்தி கேட்பது இதுதான் முதல்தடவை. இரண்டு வரி வாசித்துவிட்டு ஆர்மோனியம் இடம் விட்டது. விட்ட இடத்தில் தபலா என்ன சொல்லும் என்று வசந்திக்குத் தெரிந்தது. நேற்று இதே மேடையில் நெத்திலி ஆய்ந்துகொண்டே கேட்டதுதானே. திரும்ப ஆர்மோனியம் மட்டும் நீளமாகப் போனது. அங்கே தபலா நின்றது அவளுக்கு நினைவு இருந்தது. கடிகாரத்தைப் பார்த்து, 'ஆரம்பிச்சாச்சு பேச்சை' என்று பல்லைக் கடித்த இடம் அது. அங்கே பேச்சு ஒன்றும் இல்லை. ஸாதனா வாசித்துக்கொண்டிருந்தாள், இவர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார், அவ்வளவுதான். வசந்தி முந்தானையால் வியர்வையைத் துடைக்கிற சாக்கில் முகத்தை மூடிக்கொண்டாள்.

பிறகு தபலா வரவேண்டிய இடம் வந்தது. ஆர்மோனியம் ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்று பார்த்தது. இன்னொரு சுற்று.

"மாஷே? லைன் போயிடுத்தா?"

ஆர்மோனியம் அதே வரியைத் திரும்பப் பிடித்தது. திரும்ப, திரும்ப. நடுவில் ஒருதரம், "நான் இங்கேயேதான் இருக்கேன், வந்து சேந்துக்கோங்கோ" என்றாள். குரலில் சிரிப்பு இருந்தது. நாலு நிமிஷம் அந்த வரி சலிக்காமல் சுற்றியது. மகா மூக்கை உறிஞ்சினாள்.

ஆர்மோனியம் பாதியில் நின்றது.

"ஃபேன் கேக்கறதே" என்றாள் ஸாதனா, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. "லைன் போகலையே. மாஷே. மாஷே."

நாற்காலி தள்ளுகிற சத்தம். அதன்பின் ஒன்றும் இல்லை.

"பாத்தியா?" என்றாள் வசந்தி. "எந்திரிச்சுப் போயிட்டா. தெரிஞ்சுபோச்சு அவளுக்கு. தெரிஞ்சு எந்திரிச்சுப் போயிட்டா."

"இரும்மா. என்னமோ கேக்குது."

மகா சத்தத்தைக் கூட்டினாள். மைக்கிலிருந்து தள்ளி எங்கோ நின்றுகொண்டு அந்தக் குரல் கெஞ்சியது. "எடுங்கோ. எடுங்கோ." கொஞ்சம் விட்டு மறுபடி, "ஐயோ, எடுங்கோளேன்."

"என்னத்த எடுக்கச் சொல்லுதா?" வசந்தி கம்ப்யூட்டரின் மேல் குனிந்தாள். "அந்த ரூமுக்குள்ள என்னட்டி இருந்துது எடுக்கறதுக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்? அப்பா பக்கத்தையும் சேத்துப் போட்டாத்தான் தெரியும்."

"போடு."

மகா கொஞ்சம் பின்னால் தள்ளிவைத்து இரண்டு கோட்டையும் சேர்த்துப் போட்டாள். முதலில் ஃபேன் வந்தது. டக், டக், டக். 'மாஷே' என்று அவள் கூப்பிட்டாள். நாற்காலி தள்ளினாள். டக், டக். பிறகு, தூரத்தில், தபலா.

மகாவின் கை வாய்க்குப் போனது. "அப்பா வாசிக்காரும்மா."

வசந்திக்கும் ஒரு நொடி அப்படித்தான் இருந்தது. அவர் கைதான். அந்த எடுப்பும் அந்த உருட்டலும் வேறு யாருக்கும் வராது. ஆனால் உருட்டல் முடிவதற்குள் யாரோ கழுத்தைப் பிடித்தமாதிரி பட்டென்று நின்றது. டக், டக் என்று ஃபேன் மட்டும் ஓடியது.

"எடுங்கோ" என்றாள் ஸாதனா.

மறுபடி தபலா. அதே எடுப்பு, அதே உருட்டல். அதே இடத்துக்கு வரும் முன் நின்றது.

"கட் பண்றா" என்று அழுதாள் அந்தப் பக்கத்தில். "வீட்டுல ஆள் இருக்கா. ஆரோ கட் பண்றா."

மூன்றாவது தடவையும் தபலா வந்து, நின்றது. நின்ற பிறகு, சுவருக்கு அப்பாலிருந்து ஒரு பெண் குரல், சலிப்பாக, தெளிவாக வந்தது. "இவனுவளுக்கு வேற சோலியே இல்ல." பின்னாலேயே குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம்.

மகா நிறுத்தினாள். அம்மாவைப் பார்க்கவில்லை. அடுக்களை ஜன்னல்கட்டையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வசந்தியின் போன் நேற்றிலிருந்து கிடந்தது. செய்தி சொன்னதெல்லாம் மகாவின் போனில்தான், இதை யாரும் தொடவில்லை. நெத்திலி நாறிய கையோடு தொட மனசில்லாமல், அதில் அடித்த தபலாவை ஓரத்து விரலால் மூன்று தடவை அமுக்கியது வசந்திக்கு நினைவு வந்தது. திரையில் 'எடுக்கண்டா' என்று இருந்தது. இன்சூரன்ஸ்காரன் என்று நினைத்தாள். மூன்றாவது தடவை அமுக்கிவிட்டு, தொல்லை விட்டது என்று போனின் சத்தத்தையும் சேர்த்து அணைத்தாள்.

போனை எடுத்தாள். நேற்று நாலு பதினெட்டு, பத்தொன்பது, இருபத்தொன்று. எல்லாம் ஒரே நம்பர். சத்தத்தை அணைத்த பிறகு அதே நம்பரிலிருந்து இன்னும் பதினாலு.

காலையில் ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டு 'என் தப்புதான் அக்கா' என்று சொல்லிவிட்டுப் போனவளுக்கு இது எல்லாம் தெரியும். அத்தனை பெண்களுக்கு நடுவில், பெற்ற மகளுக்கு முன்னால், 'நான் கூப்பிட்டேன், நீதான் எடுக்கலை' என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லாமல் இருக்கத்தான் அவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறாள். அழிக்கச் சொன்னதும் அதற்குத்தான். வசந்தி போனோடு தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மே" என்றாள் மகா.

"பேசாத."

அந்த நம்பரை அமுக்கினாள். ஒரு மணி முழுசாக அடிப்பதற்குள் எடுத்தாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டு இரைச்சல். யாரோ கோயம்புத்தூர், சேலம் என்று கூவிக்கொண்டிருந்தான்.

"அக்கா?"

வசந்தி போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, லைன்ல இருக்கேளா? கேக்கலையே."

பின்னறைக் கதவு பெயர்ந்த தாழ்ப்பாளோடு சும்மா சாத்தியிருந்தது. வசந்தி போனைக் காதிலிருந்து எடுக்காமல் எழுந்து போனாள். வாசற்படியில் நீல வயரை, தினமும் தாண்டுவதுபோலத் தாண்டினாள். தபலா இரண்டும் துணி மூடி மூலையில் இருந்தன. அவள் சுவரைத் தடவி ஸ்விட்சைப் போட்டு, கையைத் தூக்கிப் போனை மேலே காட்டினாள்.

ஃபேன் முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. டக். டக். டக்.

அந்தப் பக்கத்தில் ஸாதனா அதற்கப்புறம் லைன் இருக்கிறதா என்று கேட்கவில்லை. போனை வைக்கவும் இல்லை.